மனிதக் கை அல்ல

எஸ்தர் கனகமணி துணிப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைப்பதற்குள் அது மூன்று தடவை மேசையில் தட்டிவிட்டது. அவர் வேண்டுமென்று தட்டவில்லை. கை அப்படி.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது. என்னைத்தான் அதுக்குப் பிடிக்கலை" என்றார்.

கோகிலவாணி சிரித்துவிட்டாள். காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் பதினோரு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறாள். சூடாகிறது, சத்தம் போடுகிறது, குழந்தை பால் ஊற்றிவிட்டது என்று எல்லாம் கேட்டிருக்கிறாள். பிடிக்கவில்லை என்று யாரும் கொண்டுவந்ததில்லை.

எஸ்தர் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரி அடித்துக் காட்டினார். வலது கையின் விரல்கள் எழுத்துக்கு எழுத்து துடித்து இறங்கின. வரி முடிந்ததும் திரையின் கீழ்மூலையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது: மனிதக் கை அல்ல.

கைச்சான்று வந்து நான்கு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடக் கட்டுரை முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் எந்திரமே எழுதித் தள்ள ஆரம்பித்த பிறகு, எது ஆள் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. அதனால் காவலைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். லேப்டாப்பின் சுவிட்சைப் போட்டதும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் விழித்துக்கொள்கிற நிரல் ஒன்று உண்டு. ஃபர்ம்வேர் என்பார்கள். மதர்போர்டில் நகத்தளவு சிப் ஒன்றில் அது குடியிருக்கிறது. விரல்கள் எந்த ஓட்டத்தில் அடிக்கின்றன என்று அது கவனித்து, மனிதக் கைதான் என்று தோன்றினால் பக்கத்துக்கு ஒரு முத்திரை குத்தும். முத்திரை இல்லாத பக்கத்தைக் கல்லூரி வாங்காது, கோர்ட் வாங்காது. ஊருக்கு நிம்மதி. நிம்மதி போனவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் அவர்களைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை.

"பார்க்கின்சனுங்களா?" என்று கேட்டாள் வாணி.

"ரெண்டு வருசமாச்சு. கை நடுங்கறது சரி, அதை ஏன் எந்திரம்னு சொல்லுது? எனக்கு அதுதான் புரியலை. எந்திரம் எங்காவது நடுங்குமா?"

"நடுங்கறதுதாங்க பிரச்சினை. நல்ல கை ஒரே சீரா அடிக்காது. ஒரு எழுத்து வேகமா விழும், ஒண்ணு யோசிச்சு விழும். உங்க கை ஒரு விநாடிக்கு அஞ்சு தடவை துடிக்குது. தப்பவே மாட்டேங்குது. உள்ள இருக்கறது அந்த அஞ்சைப் பிடிச்சுக்குது. இவ்வளவு ஒழுங்கா அடிச்சா மனுசனா இருக்க முடியாதுன்னு முடிவு பண்ணிருது."

எஸ்தர் தன் கையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எங்க வீட்டுல நான்தான் ஒழுங்கில்லாதவள்னு பேரு."

அவர் கோர்ட் மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிற வேலை, இருபத்திரண்டு வருடமாக. நடுக்கம் வந்த புதிதில் பத்துப் பக்கத்தில் ஒன்று திரும்பி வந்தது. மறுபடி அடிப்பார். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று, நான்கு தடவை. இப்போது எத்தனை தடவை அடித்தாலும் சிவப்புதான். முத்திரையில்லாத பக்கங்களை விளக்கக் கடிதத்தோடு கொடுத்துப் பார்த்தார். எந்திரத்தை வைத்து மொழிபெயர்த்துவிட்டுத் தன் வேலை என்று சொல்கிறார் என்று புகார் போயிற்று. புதன்கிழமை பதினொரு மணிக்குப் பதிவுக் குழுவில் விசாரணை. முத்திரையோடு மூன்று பக்கம் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

"அவங்க முன்னாடியே உக்காந்து அடிச்சுக் காட்டுறதுதானுங்க?"

"கேட்டேனே. குழுவுக்கு முத்திரையைப் பார்க்கத்தான் அதிகாரம், கையைப் பார்க்க இல்லைன்னு பதில் வந்துச்சு." எஸ்தர் இதைச் சொல்லும்போது குரல் முதல்முறையாக இறங்கியது. "வேலை போனாக்கூடப் போகட்டும். ஏமாத்துக்காரின்னு எழுதி பேரை எடுக்கறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை."

வாணி லேப்டாப்பைப் புரட்டி அடிமூடியைப் பார்த்தாள். வழி இருந்தது. நடுக்கம் உள்ள சிலர் சேர்ந்து அந்த ஐந்து துடிப்பைக் கண்டுகொள்ளாதபடி மாற்றி எழுதிய ஃபர்ம்வேர் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கூடாது என்று சட்டத்தில் இல்லை. கூடும் என்றும் இல்லை. போன மாதம் ஒரு டுடோரியல்காரர் நாற்பது லேப்டாப்புக்கு அதைப் போட்டுத்தரச் சொல்லி வந்தார். அவரிடம் படிக்கிற நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கை நடுக்கம் வந்திருக்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். காவல்காரன் கண்ணை ஒருவருக்காக மூடினால் அந்த வழியாக யார் வேண்டுமானாலும் நுழையலாம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் எஸ்தரின் கை கண்ணெதிரே துடித்துக்கொண்டிருந்தது.

"போட்டுத் தர்றேனுங்க" என்றாள்.

அன்று சனிக்கிழமை. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்விப் பிடிக்கிற கிளிப்பை மாட்டினாள். எஸ்தர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இப்பவே எழுதறீங்களா?"

"இல்லீங்க. இப்ப படிக்கறேன். சிப்புல இருக்கறது மொத்தத்தையும் மூணு தடவை படிக்கோணும். மூணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போச்சுன்னாத்தான் கிளிப் ஒழுங்காப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அதைப் பத்திரமா ரெண்டு இடத்துல வெச்சுக்குவேன். எழுதறப்போ என்ன கெட்டுப்போனாலும் பழையபடி கொண்டுவந்துரலாம்."

"கெட்டுப்போகுமா?"

வாணி மூலையைக் காட்டினாள். அங்கே பழைய லேப்டாப் ஒன்றின்மேல் டீ டம்ளர்கள் இருந்தன. "அது என்னோடது. முதல் வருசம். படிக்காம எழுதினேன். பத்து வருசமா டீத்தட்டா இருக்குது."

மூன்று படிப்பும் ஒத்துப்போயின. அந்த மாடலுக்கு ஏற்ற மாற்று ஃபர்ம்வேர் ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வரும். எழுதுவது செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. ஏனென்றால் திங்கட்கிழமை ஆயுத பூஜை, அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருக முடியாது. மாரப்பன் விடமாட்டார்.

மாரப்பன் கடையில் பாதிப் பங்காளி. முப்பது வருடம் பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டியவர். சால்டரிங் அவர் கை பட்டால் வார்த்ததுபோல் இருக்கும். மற்ற நாளெல்லாம் சாதுவான மனிதர். ஆயுத பூஜையன்று மட்டும் கடை அவருடையதாகிவிடும்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை அள்ளி வைத்து, சால்டரிங் அயர்ன் முதல் மல்டிமீட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொரித்தட்டு டீத்தட்டின்மேல் ஏறியது. திறந்து கிடந்த எஸ்தரின் லேப்டாப்புக்கு முன்னால் வந்தபோது மட்டும் கை நின்றது. போனை எடுத்தார்.

"மேடம், வணக்கமுங்க, கடையிலிருந்து மாரப்பன் பேசறேன். நீங்க வேதக்காரங்க. உங்க லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு வெச்சா ஒண்ணும் தப்பில்லீங்களே?"

போத்தனூரிலிருந்து எஸ்தர் சிரிக்கிற சத்தம் வாணிக்கே கேட்டது. "வைங்க, வைங்க. யாராவது ஒருத்தர் அது மனசை மாத்தினாச் சரி."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வாணி வந்தபோது மாரப்பன் குளித்து நீறு பூசித் தயாராக நின்றார். நல்ல நேரம் எட்டரைக்கு முடிகிறது, விஜயதசமிக்கு அதற்குள் வருடத்தின் முதல் வேலையைத் தொட்டுவிட வேண்டும் என்றார். வாணி கிளிப்பின் வெளிப்பக்கத்தைத் துணியால் ஒரு துடை துடைத்து சிப்பில் மாட்டினாள். எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை படித்துப் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமைதானே படித்தோம், அதே கிளிப், அதே சிப் என்று நினைத்தாள். அந்த டீத்தட்டுக்குப் பிறகு அவள் அப்படி நினைத்தது அன்றைக்குத்தான்.

எழுதுவது அறுபத்திரண்டு சதவீதம் வரை ஓடி நின்றது. சிப் பதில் சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. திரை இருட்டாகவே இருந்தது.

"என்னாச்சு அம்மிணி?"

வாணி கிளிப்பைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பற்களுக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"அண்ணா, கிளிப்புக்கும் சந்தனம் வெச்சீங்களா?"

"வெக்காம? நமக்குச் சோறு போடறதே அதுதானே..." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மா பொழப்புல மண்ணைப் போட்டுட்டனா?"

வாணிக்குக் கோபம் வந்தது, ஆனால் அது அவர்மேல் இல்லை. "நீங்க வருசா வருசம் வெக்கறதுதானுங்க. மறுபடி படிச்சுப் பார்த்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். படிக்காதவ நானு."

ஸ்பிரிட்டையும் பழைய டூத்பிரஷையும் வைத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். மாரப்பன் டார்ச் அடித்தார். கிளிப் சுத்தமானதும் சிப் மறுபடி பேசியது. உயிர் இருக்கிறது, புத்திதான் பாதியில் நிற்கிறது.

"அப்ப அந்தப் புதுசையே மறுக்கா எழுதிரலாமே?" என்றார் மாரப்பன்.

"முடியாதுங்க. இந்த லேப்டாப் எஸ்தரோடதுன்னு அடையாளம் சொல்ற பகுதி ஒண்ணு சிப்புக்குள்ளயே இருக்கு. புதுசு எழுதறப்போ அதைத் தொடாம எழுதத்தான் ஏற்பாடு. பாதியில நின்னதுல அதையும் மிதிச்சுருச்சு. சனிக்கிழமை நகல்ல இருந்து அதை வெட்டியெடுத்து இதுல ஒட்டோணும்."

வழக்கமாக இப்படிப்பட்ட நகலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வைத்திருப்பதே போதும். வாணி திறந்தாள். அடையாளப் பகுதியைத் தேடிக்கொண்டு போனவள், அதற்குப் பக்கத்தில் காலியாக இருக்க வேண்டிய இடம் நிரம்பி வழிவதைப் பார்த்தாள். பார்த்தால் எழுத்துகள். தமிழும் இங்கிலீஷும். ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் அது எந்த நொடியில் அடிக்கப்பட்டது என்ற கணக்கு. அவளுக்குப் புரியக் கொஞ்சநேரம் பிடித்தது. மனிதக் கை அல்ல என்று லேப்டாப் தள்ளிவிட்ட ஒவ்வொரு வரியையும் அந்தச் சிப் எடுத்து வைத்திருந்தது. எஸ்தர் அடித்துவிட்டு அழித்ததும் அதில் அழியாமல் இருந்தது.

அவள் நான்கு வரி படித்தாள். 'மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு' என்று ஒரு கடிதம் ஆரம்பித்தது. இரண்டு வரி ஓடி, அழிக்கப்பட்டிருந்தது. கீழே மறுபடி 'மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு'. மறுபடி அழிப்பு. அதற்கு மேல் படிக்காமல், அந்த வார்த்தை எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் தேடினாள். பதினொன்று. திரையை அணைத்துவிட்டு போத்தனூருக்குப் போன் போட்டாள்.

எஸ்தர் பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தார். செத்த லேப்டாப்பைப் பற்றிச் சொன்னதற்கு அவர் முகம் மாறவில்லை. பதிவைப் பற்றிச் சொன்னதும் மாறியது.

"நாலு வரி படிச்சுட்டேனுங்க" என்றாள் வாணி. "படிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க."

"அழிச்சது எப்படிங்க இருக்கும்? நான் அழிச்சேனே."

"நீங்க அழிச்சது உங்க பக்கத்துல. கம்பெனி தன் பக்கத்துல வெச்சுக்கிச்சு. தப்பா யாரையாவது ஒதுக்கிட்டோமான்னு அப்புறமா பார்த்துத் திருத்தறதுக்குன்னு சொல்லுவாங்க. நாலு வருசமா ஒருத்தரும் வந்து எடுத்துப் பார்க்கலை." வாணி மெதுவாகத் தொடர்ந்தாள். "ஆனா இதுல உங்களுக்கு ஒரு நல்லதும் இருக்குங்க. ரெண்டு வருசமா நீங்க அடிச்சு, உங்க கை இல்லைன்னு தள்ளின பக்கம் பூரா இதுல இருக்கு. தப்பு விட்டது, திருத்தினது, ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் யோசிச்சது, எல்லாம். அந்த அஞ்சு துடிப்பும் இருக்கு. டாக்டர் சீட்டோட வெச்சுப் பார்த்தா உங்க கைதான்னு ஒரு குழந்தைகூடச் சொல்லும். அடியில கம்பெனியோட சொந்த முத்திரை இருக்கு. அந்த முத்திரையை அவங்க குழுவாலயே தள்ள முடியாது."

"அப்ப இதையே கொண்டுபோய்க் குடுத்துரலாமா?"

"கொடுக்கலாம். ரெண்டு விசயம் இருக்குங்க. பழைய ஃபர்ம்வேர் ஒரு எழுத்து மாறாம உள்ள இருந்தாத்தான் அந்த முத்திரை செல்லும். புதுசைப் போட்டா இது போயிரும். இன்னொண்ணு, மொத்தப் பதிவுக்கும் சேர்த்து ஒரே முத்திரை. நடுவுல ஒரு வரியை எடுத்தாலும் உடைஞ்சுரும்." கொஞ்சம் தயங்கினாள். "அந்தக் கடிதமும் கூடவே போகும்."

எஸ்தர் துணிப்பையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும்.

"தறிப் பட்டறையில தீப்பிடிச்ச கேஸ் ஒண்ணு" என்றார். "அங்க வேலை பார்த்த ஒரு அம்மா சாட்சி. கதவு வெளியே பூட்டியிருந்துச்சுன்னு சொன்னாங்க. மேனேஜர்தான் பூட்டினாருன்னாங்க. அடுத்தாப்புல, அது கேள்விப்பட்டதுதான், நான் என் கண்ணால பார்க்கலைன்னும் சொன்னாங்க. அந்தக் கடைசி ரெண்டு வரியை நான் விட்டுட்டேன். பதினாலாம் பக்கம். வேணும்னு விடலை. நாலாவது தடவை அடிச்சேன், அன்னிக்கு அதுதான் முத்திரை வாங்கின பக்கம். முத்திரை வந்த சந்தோசத்துல படிச்சுக்கூடப் பார்க்காம அனுப்பிட்டேன்."

"அப்புறம் தெரிஞ்சுதுங்களா?"

"மறுநாளே தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் அந்தக் கடிதம், பதினோரு தடவை ஆரம்பிச்சு அழிச்சேன். கை நடுங்கறவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு சொல்லிருவாங்கன்னு பயம். அப்பீல்ல என் இங்கிலீஷைத்தான் படிச்சாங்க. மேனேஜருக்கு அஞ்சு வருசம். அவர் பூட்டினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்தம்மாவுக்கும் தெரியாது. கோர்ட்டுக்குத் தெரியும்னு ஆயிருச்சு."

மாரப்பன் எழுந்து விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"புதுசைப் போட்டா?" என்று கேட்டார் எஸ்தர்.

"சாயங்காலத்துக்குள்ள மூணு பக்கம் முத்திரையோட கையில இருக்கும். குழு வேற எதையும் பார்க்காது. இந்தப் பதிவு அழிஞ்சுரும். நகலை வேணும்னா நீங்களே உங்க கையால அழிச்சுக்கலாம். எனக்கு நாலு வரி மறந்துரும்."

சொன்னது அவள்தான் என்றாலும், அதில் எந்தப் பக்கம் தன் மனம் சாய்கிறது என்று வாணிக்கே தெரியவில்லை. எஸ்தர் நல்லபடியாக வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எங்கோ ஒரு ஜெயிலில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

எஸ்தர் ஜன்னல் பக்கம் போனார். கீழே ரோட்டில் மாலை போட்ட பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"பழசையே போடுங்க" என்றார்.

வாணி கிளிப்பை மாட்டினாள். முதலில் மூன்று தடவை படித்தாள். மூன்றும் ஒத்தபின் சனிக்கிழமை நகலை எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்து நகலோடு ஒப்பிட்டாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. சுவிட்சைப் போட்டதும் விசிறி நிற்காமல் சுற்றி, திரை வெளிச்சமாயிற்று. மாரப்பன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

எஸ்தர் உட்கார்ந்து பன்னிரண்டாவது தடவையாக அந்தக் கடிதத்தை அடித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி வரி முடிந்ததும் கீழ்மூலையில் சிவப்பாக வந்தது: மனிதக் கை அல்ல. அவர் இந்தத் தடவை அழிக்கவில்லை. அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மலையும் பள்ளமுமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம், வாணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் எஸ்தர் வந்தார். லேப்டாப் பையிலேயே இருந்தது. கையில் இரண்டு உத்தரவு.

"என்னாச்சுங்க?" என்று மாரப்பன் முந்திக்கொண்டார்.

"மனுசிதான்னு ஒத்துக்கிட்டாங்க" என்று முதல் தாளைக் காட்டினார் எஸ்தர். "ரெண்டு வருசமா செஞ்ச வேலையெல்லாம் என் கையால செஞ்சதுதான்னு எழுதியிருக்கு. புகார் தள்ளுபடி."

"ரெண்டாவது?"

"ஆறு மாசம் வேலை செய்யக் கூடாது. பதினாலாம் பக்கத்துக்காக. அந்தப் பக்கத்தை மேல்கோர்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க, கேஸை மறுபடி எடுப்பாங்க போல." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எந்திரம்னு முடிவு பண்ணியிருந்தா பேரை எடுத்துட்டு விட்டிருப்பாங்க. எந்திரத்தை யாரும் தண்டிக்கிறதில்லையே. மனுசின்னு ஆனதும் தண்டனையும் வந்துருச்சு."

வாணி அந்த இரண்டாவது தாளை வாங்கிப் பார்த்தாள். "வருத்தமா இருக்குங்களா?"

"ரொம்ப. ஆனா நேத்து தூங்கினேன். ரெண்டு வருசத்துல முதல் தடவை, விடியற வரைக்கும்." எஸ்தர் லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அது மூன்று தடவை தட்டியது. மூடியில் சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. "இப்ப அந்தப் புதுசைப் போட்டுருங்க. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பிப் போறப்போ, முத்திரைக்காக ஒரு பக்கத்தை நாலு தடவை அடிக்கக் கூடாது. ஒரு தடவை அடிக்கணும், ரெண்டு தடவை படிச்சுப் பார்க்கணும். இப்படி மாத்தப்போறேன்னு குழுவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். கூடாதுன்னா சொல்லட்டும்."

"பழைய பதிவு போயிருமுங்க. அந்தக் கடிதமும்."

"போகட்டும். அது போக வேண்டிய இடத்துக்குப் போயாச்சு."

மாரப்பன் உள்ளே போய்க் கிளிப்பைக் கொண்டுவந்தார். தானே ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் மடித்து வைத்திருந்தார். மூடியில் இருந்த பொட்டைத் துடைக்கப் போனார். அது இருக்கட்டும் என்றார் எஸ்தர்.

வாணி சாப்பாட்டு டப்பாவை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு, சிப்பில் கிளிப்பை மாட்டினாள். மூன்று தடவை படித்தாள். மூன்றும் ஒத்துப்போனதை எஸ்தரையும் பார்க்கச் சொன்னாள். அதன்பிறகுதான் எழுத ஆரம்பித்தாள்.